700 பவுண்டுக்கு ஒரு நாவல்

சட்டம் சார்லஸ் டிக்கன்ஸை முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தபோது அதன் வாய் நிறையச் சாப்பாடு. கூடவே பீர் வாடை.

வருஷம் 1824. பையனுக்கு 12 வயது. அப்பா ஜான் டிக்கன்ஸ் கடனுக்காக உள்ளே இருந்தார். திவால் சட்டத்தின்கீழ் வெளியே விடும்படி மனுப் போட்டிருந்தார். அதில் ஒரு நிபந்தனை: கடனாளியும் குடும்பத்தாரும் உடுத்தியிருக்கும் துணிமணி, கையிலுள்ள சொந்தச் சாமான் எல்லாம் சேர்ந்து 20 பவுண்டுக்கு மேல் தேறக்கூடாது. எனவே மூத்த மகனை விலை போட்டுப் பார்க்க மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பினார்கள். தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி, குட்டிக் கோட்டு, கார்டுராய் கால்சட்டை. மூன்றையும் ஏலம் விட்டால் ஏலக்காரனுக்கே கூலி தேறாது. பையனுக்குப் பயம் அதில் இல்லை. பாட்டி கொடுத்த தடித்த பழைய வெள்ளிக் கடிகாரம் ஒன்று பையில் இருந்தது. அது ஊரைக் கூட்டுவதுபோல டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அது அகப்பட்டு, அதனாலேயே கணக்கு 20-ஐத் தாண்டி, அப்பா உள்ளேயே கிடந்துவிட்டால்?

அதிகாரி மென்றுகொண்டே வெளியே வந்தார். மேலும் கீழும் ஒரு பார்வை. சரி, போகலாம் என்று சொல்லிவிட்டு இலைக்குத் திரும்பினார்.

இங்கிலாந்தின் சட்டத்துறை அன்று அந்தப் பையனுக்கு ஒரு வாய் கொடுத்து உட்காரவைத்திருந்தால் பின்னால் எவ்வளவோ அவமானத்தை மிச்சம் பிடித்திருக்கலாம். தோன்றவில்லை. அடுத்த 46 வருஷம் அந்த மனிதர் அந்த மெல்லும் வாயை எழுதிக்கொண்டே இருந்தார்.

அப்பா மாட்டியதும் சாப்பாட்டு விஷயம்தான். ரொட்டிக்காரர் ஒருவருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி. கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா, வருமானம் மோசமில்லை. ஆனால் கையில் வரும் காசு வருவதற்கு முன்பே செலவாகியிருக்கும் ஜாதி. தேம்ஸின் தென்கரையில், சவுத்வர்க்கில் இருந்த மார்ஷல்சீ சிறையில் கொண்டுபோய் அடைத்தார்கள். கடன் சிறையின் சித்தாந்தம் எளிமையானது: கடனைக் கட்டச் சம்பாதிக்க வேண்டும், சம்பாதிக்க வெளியே போக வேண்டும், கடனைக் கட்டாமல் வெளியே போகக்கூடாது. இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரிந்தால் ஒரு சிலை வைக்கலாம், புறா உட்கார வசதியாக.

அம்மாவும் சின்னக் குழந்தைகளும் அப்பாவோடு சிறையிலேயே குடியேறிவிட்டார்கள். வீட்டு வேலைக்கு இருந்த அநாதைப் பெண் பக்கத்தில் எங்கோ தங்கி, தினமும் சிறைக்கு வந்து வேலை செய்துவிட்டுப் போனாள். கவனியுங்கள், ரொட்டிக் கடனுக்கு உள்ளே போனவருக்கு வேலைக்காரி உண்டு. வேலைக்குப் போனது அந்த 12 வயதுதான்: ஹங்கர்ஃபோர்டு படித்துறைப் பக்கம், எலிகள் ஓடும் ஷூ பாலிஷ் கிடங்கில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் வேலை, வாரம் 6 ஷில்லிங். காலைச் சாப்பாட்டுக்குச் சிறைக்கதவு திறக்கக் காத்திருப்பான். குற்றவாளியைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவார்கள். இவன் சாப்பிடவே ஜெயிலுக்குப் போனான்.

ஏறக்குறைய மூன்று மாதத்தில் அப்பா வெளியே வந்தார். சும்மா வரவில்லை: ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலின் மிக்காபராகவும், ‘லிட்டில் டாரிட்’ நாவலில் மார்ஷல்சீயின் தகப்பனார் என்று பெருமையடித்துக்கொள்ளும் கிழவராகவும் வந்தார். ஒரே அப்பாவை இரண்டு நாவலுக்கு அடமானம் வைத்த மகன்! ஜான் டிக்கன்ஸ் வாழ்நாளில் வைத்த அடமானங்களில் லாபம் கொடுத்தவை இவைதாம்.

பதினைந்து வயதில் பையன் வக்கீல் ஆபீஸில் சேர்ந்தான். கிரேஸ் இன் பகுதியில் எல்லிஸ் அண்ட் பிளாக்மோர் என்ற கம்பெனி. 1827 மே மாதம். வாரச் சம்பளம் 13 ஷில்லிங் 6 பென்ஸில் ஆரம்பம். வேலை: கேஸ் கட்டு சுமப்பது, நகல் எடுப்பது, ஓடுவது. மீதி நேரத்தில் ஜன்னலில் நின்று கீழே போகிறவர்களின் தொப்பிமேல் செர்ரிப் பழக்கொட்டையைக் குறிபார்த்துப் போடுவது. தொப்பிக்காரர் கோபத்தோடு படியேறி வந்தால், ஒன்றுமறியாத முகத்தோடு நிற்பது. வக்கீல் தொழிலுக்கு வேண்டிய அடிப்படைப் பயிற்சி முழுக்க இதில் வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

குமாஸ்தா வேலை சலித்து, கர்னி என்பவரின் சுருக்கெழுத்தைக் கற்றுக்கொண்டு டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற இடத்தில் உட்கார்ந்து வழக்குக் குறிப்பெடுத்தார். செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில், உள்ளூர்க்காரர்களே மறந்துபோன ஒரு மூலை. அங்கே கல்யாண வழக்கு, உயில் வழக்கு, கப்பல் வழக்கு மூன்றும் நடக்கும். ரோமானியச் சட்ட மரபில் வந்தவை என்பதால் ஒரே கூரை. மூன்றிலும் மூழ்குவது பொது என்பதாலும் இருக்கலாம். வக்கீல்களுக்கு அங்கே ‘டாக்டர்’ பட்டம். இன்றைக்கு ஒரு வழக்கில் நீதிபதியாக மேலே உட்கார்ந்தவர் நாளைக்கு வேறொன்றில் வக்கீலாகக் கீழே நிற்பார். நேற்றைய வக்கீல் மேலே ஏறியிருப்பார். ஒரே நாடகக் கோஷ்டி, வேஷம் மட்டும் மாறும். டிக்கன்ஸ் இதைக் கற்பனை செய்யவே வேண்டியிருக்கவில்லை. சுருக்கெழுத்தை விரித்து எழுதினார், நாவலாகிவிட்டது.

1836 ஜூனில் நிருபர் டிக்கன்ஸுக்கு ஒரு ஜாக்பாட். அவர் அப்போது ‘மார்னிங் கிரானிகிள்’ பத்திரிகையில். ஜார்ஜ் நார்ட்டன் என்பவர், தன் மனைவி கரோலினோடு தொடர்பு வைத்திருந்ததாகப் பிரதமர் மெல்போர்ன் பிரபுமீதே வழக்குப் போட்டார். பதவியிலிருக்கும் பிரதமர்மீது, 10,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டு! நார்ட்டன் தரப்பு பலத்த ஆதாரமாக நீட்டிய கடிதங்களைப் பார்த்தால், இத்தனை மணிக்கு வருகிறேன், இப்படிக்கு மெல்போர்ன் என்ற ரகம். பால்காரர் எழுதும் சீட்டில்கூட இதைவிடச் சரசம் இருக்கும். இதில் அன்புள்ள என்ற வார்த்தை இல்லாததே பழகிய உறவுக்கு அத்தாட்சி என்கிற ரீதியில் வக்கீல் வாதித்தார். ஜூரிகள் எழுந்துகூடப் போகவில்லை. இருந்த இடத்திலேயே பிரதமரை விடுவித்தார்கள்.

இதைக் குறிப்பெடுத்த கை அப்போது ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்ற தொடர்கதையும் எழுதிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் அதில் ஒரு வழக்கு வந்தது. கிழட்டுப் பிரம்மசாரி பிக்விக், ஒரு வேலைக்காரனை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, ஒருவருக்குப் பதில் இருவர் இருந்தால் செலவு ரொம்ப ஆகுமா என்று வீட்டுக்கார விதவை திருமதி பார்டெலிடம் கேட்கிறார். அம்மாள் அதைக் கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொண்டு அவர் கையிலேயே மயங்கி விழுகிறார். சரியாக அந்த நேரம் பார்த்து நண்பர்கள் உள்ளே வருகிறார்கள். போதாதா? டாட்சன் அண்ட் ஃபாக் என்ற வக்கீல் ஜோடி, ஜெயித்தால் ஃபீஸ் என்று அம்மாளிடம் பேசிக் கேஸைத் தூக்கிக்கொள்கிறது. கல்யாணம் செய்வதாக ஏமாற்றினார் என்று பிராது.

ஆதாரம்? பிக்விக் எழுதிய இரண்டு துண்டுச் சீட்டு. ஒன்றில் ஆட்டுக்கறித் துண்டும் தக்காளிச் சாஸும் வேண்டுமென்று சொல்லியிருக்கிறார். இன்னொன்றில் படுக்கையைச் சூடாக்கும் சட்டி வேண்டாம் என்கிறார். சார்ஜென்ட் பஸ்ஃபஸ் என்ற பெரிய வக்கீல் எழுந்து, இந்தத் தக்காளிக்குப் பின்னால் எத்தனை தாபம், அந்தச் சட்டிக்குள் எத்தனை சூடு என்று ஜூரியை உருக்குகிறார். 750 பவுண்டு தீர்ப்பாகிறது. வாசகர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய பெரிய இடம் வேறு. அந்த வழக்கில் பிக்விக்கும் வாய் திறப்பதில்லை, பார்டெலும் வாய் திறப்பதில்லை. ஏன் பேசவில்லை என்று இன்றைக்கு வாசிக்கிறவர்கள் மண்டையைச் சொறிவார்கள். அன்றைய சட்டப்படி வாதி, பிரதிவாதி இருவருக்கும் சாட்சிக்கூண்டில் ஏற உரிமையே கிடையாது. லாப நஷ்டம் உள்ளவன் பொய் சொல்வானாம். ஆகவே விஷயம் தெரிந்த இரண்டே பேரையும் மூலையில் உட்காரவைத்துவிட்டு, தெரியாதவர்கள் எல்லோரையும் விசாரிப்பார்கள். 1851-இல் இதை மாற்றினார்கள். அப்போதும் கல்யாண ஏமாற்று வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் பேச 1869 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வியாபாரியைக்கூட நம்பலாம், காதலித்தவரை நம்பக்கூடாது என்ற சட்டம் இயற்றியவர்களின் அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

பிக்விக் ஒரு காசு தரமாட்டேன் என்று ஃப்ளீட் சிறைக்குப் போகிறார். அதற்குப் பிறகு வருவதுதான் என் கட்சியில் டிக்கன்ஸின் உச்சம். ஃபீஸ் வசூலாகாத டாட்சன் அண்ட் ஃபாக், தங்கள் சொந்தக் கட்சிக்காரியான பார்டெலையே பிடித்து அதே சிறைக்கு அனுப்புகிறார்கள்! தோற்றவரும் உள்ளே, ஜெயித்தவரும் உள்ளே, வக்கீல் மட்டும் வெளியே. இதை எழுதியபோது டிக்கன்ஸுக்கு வயது 25. இது தனக்கே நடக்கும் ஜாதகம் என்று அவருக்குத் தெரியாது.

அந்தக் கதையில் விசாரணையின்போது தூங்கி விழும் நீதிபதி ஸ்டேர்லீ, கேஸலீ என்ற நிஜ நீதிபதியின் நகல் என்று லண்டன் முழுக்கத் தெரியும். அதே 1837-இல் அவர் பதவியை விட்டு இறங்கினார். கதைதான் இறக்கியது என்று பேச்சு, பேச்சு சாட்சியமாகாது. அடுத்த இலக்கில் சந்தேகத்துக்கு இடம் குறைவு. ‘ஆலிவர் ட்விஸ்ட்’ எழுதும்போது ஒரு கொடுமைக்கார மாஜிஸ்திரேட் தேவைப்பட்டார். ஹாட்டன் கார்டன் கோர்ட்டில் லேங் என்று ஒருவர் வாயால் கடித்துக் குதறுவதாகப் பெயர். அவரைப் பார்க்க என்னை எப்படியாவது உள்ளே நுழைத்துவிடுங்கள் என்று தெரிந்தவருக்குக் கடிதமே போட்டார் டிக்கன்ஸ். லேங் நாவலில் ஃபேங் ஆனார். அந்தப் பெயருக்குப் பொருள் கோரைப்பல். 1838-இல் அரசு லேங்கை வேலையை விட்டு அனுப்பியது.

இவ்வளவு எழுதியவர் 1839-இல் என்ன செய்தார் தெரியுமா? பாரிஸ்டராவதற்காக மிடில் டெம்பிள் என்ற வக்கீல் சங்கத்தில் பெயர் பதிந்துகொண்டார். எழுத்து சோறு போடாவிட்டால் சட்டம் போடட்டுமே! உண்மையிலேயே போடும். அந்தக் காலத்தில் பாரிஸ்டராவதற்குப் பரீட்சை கிடையாது. சங்கத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் விதித்த கணக்குக்கு இரவு விருந்து சாப்பிட வேண்டும். அஜீரணம் இல்லாதவர் எவரும் நீதித்துறைக்குத் தகுதியானவர். டிக்கன்ஸ் அந்தச் சாப்பாட்டை முடிக்கவே இல்லை. 1855-இல் பெயரை எடுத்துவிட்டார்.

இனி அந்த 700 பவுண்டு.

1843 டிசம்பர் 19-இல் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ வந்தது. ஆறு வாரத்தில் எழுதிய சின்னப் புத்தகம். விலை 5 ஷில்லிங். 6,000 பிரதி சில நாட்களில் காலி. தங்க ஓரம், வண்ணப் படம் என்று ஆசைப்பட்டு எல்லாச் செலவையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்த இடத்தில் முதல் கணக்கில் கைக்கு வந்தது 230. இருக்கிற எரிச்சல் போதாதென்று, ஜனவரி பிறந்த கையோடு பார்லீஸ் இல்லுமினேட்டட் லைப்ரரி என்ற பத்திரிகை அந்தக் கதையையே இரண்டு பென்ஸுக்கு விற்கத் தொடங்கியது. வெளியிட்டவர்கள் லீ, ஹேடக். திருடவில்லையாம், மூலத்திலிருந்து மறுபடியும் மூலமாக்கியிருக்கிறார்களாம்.

டிக்கன்ஸ் சான்சரி கோர்ட்டுக்குப் போனார். பதிப்பாளர், விற்றவர் என்று ஐந்து வழக்கு. எதிர்த்தரப்பில் கதையை எழுதிய ஹெவிட் என்பவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தைப் படித்தால் மனிதர்மேல் மரியாதையே வந்துவிடுகிறது. டிக்கன்ஸ் எழுதியதில் குறைகள் இருந்தன, அவற்றை நான் திருத்தினேன், மேம்படுத்தினேன் என்கிறார். டைனி டிம் பாடுவதாக டிக்கன்ஸ் ஒரு வரியோடு விட்ட இடத்தில் நான் முழுப் பாட்டே எழுதிச் சேர்த்திருக்கிறேனே என்கிறார். வீடு புகுந்தவன், நான்தானய்யா உங்கள் கூடத்துக்கு வெள்ளையடித்துக் கொடுத்தேன் என்று கூலி கேட்கிற தோரணை.

நீதிபதி நைட் புரூஸ் இதில் மயங்கவில்லை. டிக்கன்ஸின் வக்கீல் டால்ஃபர்ட், அவருடைய நண்பர். ‘பிக்விக்’ நாவலே அவருக்குத்தான் காணிக்கை. அவர் எழுந்து வாதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நீதிபதி தாமாகவே தடையுத்தரவு கொடுத்துவிட்டார். வக்கீல் பேசாமலே ஜெயித்த வழக்கு! திருடர்கள் நசுங்கி, நைந்து, சப்பையாகிவிட்டார்கள் என்று டிக்கன்ஸ் நண்பருக்குக் கடிதத்தில் குதித்தார்.

சப்பையானவர்கள் உடனே ஐ.பி. கொடுத்தார்கள். திவால்! நஷ்டஈடு ஒரு பென்னி வரவில்லை. செலவுத்தொகையும் வரவில்லை. மிச்ச வழக்குகளை இழுத்தால் இன்னும் செலவு, கைவிட வேண்டியதாயிற்று. முடிவில் ஜெயித்த டிக்கன்ஸ் தன் வக்கீல்களுக்கு எண்ணி வைத்தது 700 பவுண்டு. முதல் பதிப்பு கொடுத்த 230-க்கு மூன்று மடங்கு. பேசாத வக்கீலுக்கும் ஃபீஸ் உண்டல்லவா? திவால் என்ற கதவு வழியாகத்தான் இருபது வருஷத்துக்கு முன் அப்பா வெளியே வந்தார். அதே கதவு வழியாக இப்போது திருடர்கள் போய்விட்டார்கள். திருமதி பார்டெலாவது கற்பனை.

1846-இல் இன்னொரு களவு நடந்தது. டிக்கன்ஸ் கோர்ட்டுக்குப் போக மறுத்தார். பெரிய அநியாயத்தைப் பொறுத்துக்கொள்வேனே தவிர, சட்டம் என்ற அதைவிடப் பெரிய அநியாயத்திடம் போகமாட்டேன் என்ற கருத்தில் எழுதினார். வேறு வழியில் வசூலிக்க முடிவு செய்திருக்க வேண்டும்.

1852 மார்ச்சில் அந்த வசூல் தொடங்கியது. ‘ப்ளீக் ஹவுஸ்’. மாதம் ஒரு பகுதி, ஒரு ஷில்லிங், பகுதிக்கு 30,000 பிரதிகளுக்கு மேல். ஆரம்பமே லண்டன் முழுக்க மூடுபனி. பனியின் நட்ட நடுவில் சான்சரி நீதிபதி. வழக்கு: ஜார்ண்டைஸ் எதிர் ஜார்ண்டைஸ். ஒரு உயில், அதிலிருந்து ஒரு வழக்கு, அதன் குட்டிகள், பேரக்குட்டிகள். எதற்கு வழக்கு என்று உயிரோடிருக்கும் எவருக்கும் தெரியாது. தீர்ப்பு வந்ததும் திறந்துவிடுவதாகக் கூண்டில் குருவி வளர்க்கும் பைத்தியக்காரக் கிழவி ஒருத்தி. குருவிகள் செத்துச் செத்து வேறு குருவி வருகிறது, தீர்ப்பு வரவில்லை. வாய்தா வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தக் கிழவியை விளக்க வேண்டியதில்லை.

வோல்ஸ் என்று ஒரு வக்கீல். கட்சிக்காரனைச் சதை சதையாக உரிப்பவர். ஆனால் யோக்கியர், வயதான அப்பாவையும் மூன்று பெண்களையும் காப்பாற்றுகிறார். சட்டத்தைத் திருத்தினால் வோல்ஸின் குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமே என்று பெரிய மனிதர்கள் கவலைப்படுகிறார்கள். நரமாமிசம் தின்பதைத் தடுத்தால் தின்கிற தலைவர் பட்டினி கிடப்பாரே என்று விசாரப்படுவதுபோல என்று டிக்கன்ஸ் அந்தக் கவலையைக் கிண்டுகிறார். வாய் நிறைய மென்றுகொண்டு வந்த பழைய அதிகாரி ஞாபகத்துக்கு வரவில்லையா?

பழைய துணி, எலும்பு, காகிதம் வாங்கிக் குவிக்கும் க்ரூக் என்ற குடிகாரனுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பட்டப்பெயர் சான்சரி நீதிபதியின் பதவிப்பெயர்தான். டிக்கன்ஸ் அவனைத் தீ வைக்காமலே தானாகப் பற்றி எரியவைத்துச் சாம்பலாக்கிவிடுகிறார். அப்படி ஒரு மனிதன் எரிய முடியாது என்று அறிவியல் பேசும் நண்பர் லூயிஸ் சண்டைக்கு வந்தார். டிக்கன்ஸ் பழைய சம்பவங்களைச் சாட்சிக்கு அடுக்கிப் பக்கா வக்கீல்போல வாதாடினார். விஞ்ஞானம் லூயிஸ் கட்சி. நியாயம் யார் கட்சி என்பதை 700 பவுண்டு கட்டியவர்கள் தீர்மானிக்கட்டும்.

ஜார்ண்டைஸ் வழக்கு எப்படி முடிகிறது? தீர்ப்பில் இல்லை. ஒரு நாள் கோர்ட் கலைகிறது, மூட்டை மூட்டையாகக் காகிதம் வெளியே வருகிறது, வக்கீல்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். சொத்து முழுவதையும் செலவே தின்று தீர்த்துவிட்டது. இனிச் சண்டை போட ஒன்றுமில்லை.

மிகை என்பவர்களுக்கு: ஒரு சான்சரி நீதிபதி தங்கள் கோர்ட்டில் ஏறக்குறையக் களங்கமே இல்லை என்று ஒரு கூட்டத்தில் பேச, டிக்கன்ஸ் 1853-இல் நாவலின் முன்னுரையில் நிஜக் கணக்கு காட்டினார். ஏறக்குறைய 20 வருஷமாக நடக்கும் ஒரு வழக்கு. ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது வக்கீல்கள் ஆஜர். செலவு 70,000 பவுண்டு. ஆரம்பித்த இடத்தில் நிற்கிறது. இன்னும் பெரிய எடுத்துக்காட்டு அவருக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. வில்லியம் ஜென்னன்ஸ் என்ற மகா கஞ்சப் பணக்காரர் 1798-இல் செத்தபோது பையில் கையெழுத்துப் போடாத உயில் இருந்தது. கையெழுத்திடப் போன இடத்தில் மூக்குக்கண்ணாடி கொண்டுபோகாததால் அப்படியே திரும்பிவிட்டார் என்பது கதை. ஒரு கண்ணாடிக்காக வாரிசுகள் நூறு வருஷத்துக்கும் மேல் கோர்ட் ஏறினார்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டிக்கன்ஸ் அடித்தபோது சான்சரி ஏற்கனவே பாதி விழுந்த சுவர். சீர்திருத்தச் சட்டங்கள் அதே 1852-இல் வந்துகொண்டிருந்தன. அவர் காட்டிய பனியில் பெரும்பகுதி அவர் பையனாக இருந்த காலத்துப் பனி. மார்ஷல்சீயும் அப்படித்தான்: 1842-இல் மூடிவிட்டார்கள், அவர் ‘லிட்டில் டாரிட்’ எழுதத் தொடங்கியது 1855-இல். கோபம் ஆறினபின் சூடாகப் பரிமாறுகிறவர். ஆனாலும் ஹோல்ட்ஸ்வர்த் என்ற ஆங்கிலச் சட்ட வரலாற்றுப் பெரும்புள்ளி 1927-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், அந்தக் காலத்துக் கோர்ட்டுகளை அறிய டிக்கன்ஸை வரலாற்றாசிரியராகவே எடுத்துப் பேசினார். செர்ரிக் கொட்டை சரியான தொப்பியில்தான் விழுந்திருக்கிறது.

1870 மார்ச் 15, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹால். டிக்கன்ஸின் கடைசி மேடை வாசிப்பு. உடம்பு தளர்ந்துவிட்டது. வாசிக்க எடுத்தவை இரண்டு: ‘கிறிஸ்துமஸ் கேரல்’, அடுத்து பிக்விக் வழக்கு. மூன்று மாதம் முடிவதற்குள், ஜூன் 9-இல் காலமானார்.

எட்டுப் பிள்ளைகளுக்குமேல் இருந்த வீட்டில் உருப்பட்டவர் என்று ஊர் ஒப்புக்கொண்ட மகன் ஹென்றி. 1873-இல் வக்கீலானார், 1892-இல் பட்டு அங்கி போர்த்திய மூத்த வக்கீல், 1917-இல் லண்டன் நகரத்தின் காமன் சார்ஜென்ட், அதாவது நீதிபதி. அப்பா பாதியில் எழுந்துபோன மிடில் டெம்பிள் பந்தியில் அவர் உட்காரவில்லை. பக்கத்துப் பந்தியில், இன்னர் டெம்பிளில், சாப்பிட்டு முடித்தார்.